கடலுக்கு மொட்டை

கரூருக்குக் கடல் டெம்போவில் வந்தது. அதற்கு முன்னால் அந்த ஊருக்குக் கடல் வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் ஊருக்கு அமராவதி ஆறு இருந்தது, ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது மணல் இருந்தது, மணலும் இல்லாதபோது பாலம் இருந்தது. பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறைகளும், கொசுவலை தைக்கிற கூடங்களும், போர்வை நெய்கிற தறிகளுமாக ஊர் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்ததால், அலைச் சத்தம் கேட்கவில்லையே என்று யாரும் குறைப்பட்டதும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், வெங்கமேட்டுக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில், நாச்சிமுத்துவின் வீட்டுக் கூடத்தில் கடல் வந்து இறங்கியதென்றால், அதற்குக் காரணம் அவருடைய இரத்தக் கொதிப்பு.

நாச்சிமுத்து பஸ் பட்டறையில் கண்ணாடி பொருத்துகிறவர். கண்ணாடியை எந்தக் கோணத்திலும் அறுப்பார், எந்தச் சந்திலும் பசை ஊற்றி நீர் கசியாமல் ஒட்டுவார், ஆனால் எவரிடமும் ‘போதும்’ என்று மட்டும் சொல்லமாட்டார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் அவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்து மிச்சமான பாயசத்தை வாளியோடு கொண்டுவருவார்கள். டீக்கடைக்காரர் ஆறிப்போன டீயை அவருக்கென்று எடுத்துவைப்பார். எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்து வைத்து, கடைசியில் அது இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். “அமைதியா எதையாவது பாத்துக்கிட்டு உக்காருங்க. ஒரு மீன் தொட்டி வாங்கி வைங்க.”

டாக்டர் மனதில் இருந்தது ஒரு கண்ணாடிக் குடமும் இரண்டு தங்கமீன்களும். நாச்சிமுத்துவும் அதை வாங்கத்தான் சென்னைக்குப் போனார். ஆனால் கொளத்தூரில் மீன் கடைக்காரர், “சார், நன்னீர் தொட்டியெல்லாம் எல்லார் வீட்லயும் இருக்கு. நீங்க கடலே வையுங்க,” என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நாச்சிமுத்து உப்புமூட்டைகளும், துளை துளையான கடல்பாறை ஒன்றும், நீல விளக்கும், நீரைச் சுழற்றும் மோட்டாரும், பிளாஸ்டிக் பையில் ஒரு கோமாளி மீனுமாக டெம்போ ஏறி ஊர் திரும்பினார்.

தொட்டியை அவரே கட்டினார். அவருடைய மனைவி தமயந்தி, வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கொட்டி அகப்பையால் கலக்கினாள். “ஏனுங்க, ஊரே உப்பைக் குறைக்கச் சொல்லுது, டாக்டரும் குறைக்கச் சொன்னாரு, நீங்க மூட்டையாக் கொண்டாந்து கொட்டறீங்க,” என்றாள். ஆனாலும் ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் பையிலிருந்து இறங்கி, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடி ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மேலதிகாரி மாதிரி மூலை மூலையாக நின்று நின்று போனபோது, “துரை பரிசோதனைக்கு வந்திருக்காரு,” என்று அவளே பெயரும் வைத்தாள். அன்று சாயங்காலம் நாச்சிமுத்து துரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதுக்குள் எப்போதும் கேட்கும் அந்த ‘ங்ங்’ என்ற சத்தம் அடங்கியது. துரை இருக்கிறவரைக்கும் நானும் இருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது, தோன்றியதை அவர் நம்பவும் செய்தார்.

மறுநாள் முதல் ஊர் கடல் பார்க்க வந்தது. சும்மா வரவில்லை, கடற்கரைக்குப் போகிற மாதிரி வந்தது. சுண்டல் கொண்டுவந்தார்கள், மாங்காய் கீறிக் கொண்டுவந்தார்கள். பெண்கள் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது தங்களை அறியாமல் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும், இரண்டாம் மாடியில் கொசுவலைத் தையல் கூடம் நடத்துகிறவருமான ரங்கநாயகி அக்கா, மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் துரையைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. “சாப்ட்டியா கண்ணு?”

துரை வாயைத் திறந்து மூடினான். மீன்கள் அப்படித்தான் மூச்சுவிடும். ஆனால் அந்த ஊரில், சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாயை மட்டும் திறக்கிறவன் பசியோடு இருக்கிறவன். ஆகவே ஆளுக்கு ஒரு சிட்டிகை, தொட்டியின் மேலிருந்த மீன் தீனி டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனால் கஞ்சத்தனமாகத் தெரியுமே என்று இன்னொரு சிட்டிகையும் போட்டார்கள்.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு பொடி படிந்தது. தமயந்தி துடைத்தாள். பிறகு பாறையின் உச்சியில், பிறந்த குழந்தையின் தலை மாதிரி, பச்சையாக மெல்லிய முடி அரும்பியது. நாச்சிமுத்து கொளத்தூர்க்காரருக்குப் போன் செய்தார்.

“அது முடிப்பாசி சார்,” என்றார் கடைக்காரர். “நீங்க சாப்பாடு அதிகம் போடறீங்க. மீன் தின்னது போக மிச்சம் அழுகி, தண்ணி முழுக்க உரமாயிடும். உரத்தைக் கொட்டிட்டுப் புல்லு ஏன் முளைக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? தினம் ஒரே ஒரு சிட்டிகை. விளக்கு எரியற நேரத்தைக் குறைங்க. பாறையை வெளிய எடுத்து, தொட்டித் தண்ணியிலயே வச்சுப் பிரஷ்ஷால தேய்ங்க. குழாய்த் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க.”

“சரிங்க,” என்றார் நாச்சிமுத்து. அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அதுதான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களின் கையைத் தட்டிவிடுவது எப்படி? அவர் செய்ய முடிந்ததெல்லாம் தீனி டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்ததுதான். வந்தவர்கள், பாவம், வீட்டில் தீனி தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, முறுக்கும் பொரியும் புட்டும் தங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்து போட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் பாசி தொட்டியை விட்டு வெளியே வந்தது. கண்ணாடி விளிம்பின்மேல் வழிந்து, தரையில் இறங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் நிலையைத் தாண்டிக் கிடந்தது. கருமைக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை. ஈரமாக இருந்தது, ஆனால் சொட்டவில்லை. கொஞ்சம் கருவாட்டு வாசமும் கொஞ்சம் சீயக்காய் வாசமும் வந்தது. தமயந்தி அதைத் தாண்டிப் போய்க் காபி போட்டாள், தாண்டி வந்து கணவருக்குக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அது படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரமானபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “விளக்கேத்தற நேரத்துல இப்படித் தலைவிரி கோலமாக் கெடந்தா வீடு வெளங்குமா?” என்று, பெரிய பல் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சிக்கெடுத்து, மூன்று கால் எடுத்துப் பின்னி, நுனியில் ரிப்பன் வைத்து முடிந்தாள். பாசிக்குச் சீப்புப் பிடித்திருந்தது. அது நெளிவு விட்டு நீண்டு, இன்னும் இரண்டு படி இறங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு சடை, குடியிருப்பின் சடையாகிவிட்டது. கீழ்த்தளத்தில் அழகு நிலையம் வைத்திருக்கும் பிரமிளா வந்து, மணப்பெண்ணுக்குச் செய்கிற மாதிரி அதற்கு ராக்கொடி வைத்து, தாழம்பூ வைத்து, குஞ்சலம் கட்டி, போட்டோ எடுத்துக் கடை வாசலில் மாட்டினாள். இரண்டாம் மாடியில் அதன்மேல் துணி காயப்போட்டார்கள், துணியெல்லாம் மொடமொடப்பாகக் காய்ந்தது, உப்புப் பூத்திருந்தது. குழந்தைகள் நுனியைப் பிடித்துச் சுழற்றிக் கயிறு தாண்டினார்கள். சங்கக் கூட்டத்தில் ரங்கநாயகி அக்கா முன்மொழிய, ஒவ்வொரு மாடிக்காரரும் தங்கள் மாடியில் கிடக்கும் சடையைத் தாங்களே வாரிப் பின்னி, விளக்கு வைக்குமுன் ஓரமாகச் சுருட்டி வைத்துவிடவேண்டும் என்று முடிவானது. முதல் மாடிக்காரர்கள் மூன்று காலுக்குப் பதில் நாலு கால் பின்னல் போட்டதால் வந்த சண்டை தனிக் கதை. “தலைக்கு என்ன தேய்க்கறீங்க?” என்று அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து பெண்கள் தமயந்தியிடம் வந்து கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள், அவர்கள் உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது துரைக்கு ஒரு பிடி பொரி போட்டுவிட்டுப் போனார்கள்.

நாச்சிமுத்து சடையைப் பார்க்கவில்லை. அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் இப்போது தண்ணீரே தெரியவில்லை, பச்சைக் கொண்டை ஒன்று கண்ணாடிக்குள் திணித்துவைத்த மாதிரி அடைந்திருந்தது. அதன் நடுவில், கொண்டையில் செருகிய கனகாம்பரம் போல, துரை இருந்தான். திரும்ப இடமில்லாமல், செவுள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ள, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“பாத்தியா தம்பி, எவ்வளவு பசி இவனுக்கு!” என்றார் ரங்கநாயகி அக்கா.

“அது பசி இல்லீங்க அக்கா. மூச்சு முட்டுது.”

“வயிறு காஞ்சா மூச்சு முட்டத்தான் செய்யும்,” என்று அக்கா புட்டை உதிர்த்துப் போட்டார்.

நாச்சிமுத்துவின் காதுக்குள் ‘ங்ங்’ திரும்பி வந்தது. மறுநாள் கத்திரிக்கோலை எடுத்தார். “செவ்வாக்கெழம முடி வெட்டுவாங்களா யாராச்சும்?” என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை அமாவாசை. வியாழன் யாருக்கோ பிறந்த நாள். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சே இல்லை. சனிக்கிழமை எடுத்தபோது, முதல் மாடியில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள், இந்த நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே முடி வெட்டுவது நல்லதா என்று பிரமிளா கேட்டாள். யாரும் வராத ஒரு மத்தியானத்தில் நாச்சிமுத்து துணிந்து, ஒரு முழம் அறுத்துத் தள்ளிவிட்டார். அறுத்த இடத்திலிருந்து பாசி, கடைசியாகப் போட்ட புட்டின் பலத்தில், காபி நேரத்துக்குள் இரண்டு முழம் வளர்ந்து வந்து நின்றது. அந்த இரண்டு முழத்தில் கால் தடுக்கித்தான் அவருடைய மச்சான் மருதாசலம் கூடத்துக்குள் வந்து விழுந்தார்.

மருதாசலம், தமயந்தியின் அண்ணன். கடைவீதியில் கரம் கடை வைத்திருக்கிறார். தட்டுவடையை நொறுக்கி, பொரியும் கடலையும் போட்டு, வெங்காயம் தூவி, சிவப்பும் பச்சையுமாகச் சட்டினி ஊற்றி அவர் குலுக்கித் தருகிற கரத்தை வேண்டாம் என்றவர்களோடு அவர் ஆயுசுக்கும் பேசமாட்டார். அதனால் கரூரில் அவரோடு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தவர் எழவில்லை. உட்கார்ந்தபடியே சடையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“மாப்ள, வெட்ட வெட்ட வளருதா?”

“வளருதுங்க மச்சான்.”

“அப்ப வேண்டுதல் பாக்கி இருக்குது. மொட்டை போட்டாத்தான் அடங்கும்.”

சொல்லி முடிக்குமுன் கூடம் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனிக்கே கொண்டுபோகலாம் என்றார் அக்கா. தொட்டியை மலைக்குப் போகிற விஞ்சில் ஏற்றுவார்களா என்று பிரமிளா சந்தேகப்பட்டாள். ஏற்றினாலும் கடலுக்கு டிக்கெட் உண்டா, அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்று தீர்மானமாயிற்று.

“மொட்டைன்னா தாய்மாமன் மடி வேணும்,” என்றார் அக்கா.

“நானெதுக்கு இருக்கறேன்?” என்று மருதாசலம் தொடையைத் தட்டிக்கொண்டார். “எந் தங்கச்சி உப்புப் போட்டு வளத்த கடலு. தாய்மாமன் நாந்தான். சீரு, தட்டு, விருந்து, அத்தனையும் என்னுது. மருமவன் வயிறு வாடக் கூடாது. அதுவரைக்கும் தினமும் ரெண்டு பொட்டலம் கரம் அனுப்பறேன்.”

இரண்டு பொட்டலம். நாச்சிமுத்து தொட்டியைப் பார்த்தார். கனகாம்பரம் ஆடவில்லை. செவுள் மட்டும், விட்டு விட்டு, ஒரு தரம் அடித்தது. அவர் வாயிலிருந்து ஒரு சொல் தானாகவே விழுந்தது.

“விரதம்.”

“என்ன மாப்ள?”

“மொட்டைக்கு முன்னாடி விரதம் இருக்கோணுங்களே மச்சான். துரை ஒண்ணும் சாப்பிடக் கூடாது. மொட்டை முடியற வரைக்கும்.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஊரில் கொடுத்த சாப்பாட்டை வேண்டாம் என்றால் உறவு முறியும், ஆனால் விரதம் என்றால் கொடுத்தவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு தட்டைத் திரும்ப எடுத்துப் போவார். இத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லை ஏன் வீணாக வைத்திருந்தோம் என்று நாச்சிமுத்து திகைத்தார். திகைப்பின் சந்தோஷத்தில், “வெளிச்சமும் ஆகாதுங்க,” என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த கரூர்ப் போர்வையை எடுத்துத் தொட்டியை நாலு பக்கமும் மூடினார்.

விரதம் துரையின் மதிப்பை உயர்த்திவிட்டது. நேற்றுவரை ‘கண்ணு’ என்றவர்கள், “அவருக்கு எப்படி இருக்குது?” என்று வாசலில் செருப்பை விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்கள். மீன் விரதம் இருக்கும் வீட்டில் தாங்கள் மட்டும் சுண்டல் தின்பதா என்று சுண்டலை நிறுத்தினார்கள். ரங்கநாயகி அக்கா காபியை விட்டார், விட்டதனால் வந்த தலைவலியில் தையல் கூடத்தில் எல்லோரையும் திட்டினார், திட்டியதையும் விரதத்தின் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். போர்வைக்குள் பாசி, உரமும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல், வளர்வதை நிறுத்தியது. படிக்கட்டில் சடையின் நுனி வெளுத்தது. நாச்சிமுத்து போர்வையின் ஒரு முனையைத் தூக்கி அவ்வப்போது உள்ளே பார்ப்பார். கொண்டை தளர்ந்திருந்தது. இடுக்கு வழியாகத் துரை ஒரு தடவை நகர்ந்தான்.

மொட்டை நாள் நல்ல முகூர்த்தமாகவே அமைந்தது. சீர்த்தட்டுகள் படியேறி வந்தன. மருதாசலம் புது வேட்டி கட்டி, தலையில் உருமால் சுற்றி, மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு வைத்துக்கொண்டு, நாச்சிமுத்து பாறையை இரண்டு கையாலும் தூக்கி, முடியும் சடையுமாகச் சொட்டச் சொட்டத் தாய்மாமன் மடியில் வைத்தார். படிக்கட்டு நெடுகச் சடை அசைந்தது. மாடிக்கு மாடி, “தூக்கியாச்சா?” “தூக்கியாச்சு!” என்று குரல் இறங்கிப் போயிற்று.

பிரமிளா சவரக் கத்திக்குப் பதிலாகப் புது டூத் பிரஷ்ஷை எடுத்தாள். பாறையை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து, வேரோடு தேய்த்தாள்.

“பாத்தும்மா, பூப்போலத் தேய்ச்சுவிடு. பச்சைப் புள்ளத் தலை,” என்றார் மருதாசலம்.

“கல்லுங்கண்ணா இது.”

“எம் மடியில உக்காந்தப்புறம் எனக்கெதுக்குடி கல்லு, கட்டி?”

அந்தச் சமயத்தில் பாறையின் துளைக்குள் இதுநாள்வரை யாருக்கும் தெரியாமல் குடியிருந்த சிறு நண்டு ஒன்று, பிரஷ்ஷுக்குப் பயந்து வெளியே வந்து, தாய்மாமனின் தொடையைக் கவ்விக்கொண்டது. மொட்டை போடும்போது தாய்மாமன் மடி அசையக் கூடாது. மருதாசலம் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்தது. “அண்ணனுக்கு எவ்வளவு பாசம் பாரு,” என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சடை விழுந்தது. பாறை வெள்ளையும் ஊதாவுமாகப் பளிச்சென்று வந்தது. உடனே நாலு பேர் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார்கள். சந்தனம் தொட்டியில் கரைந்தால் என்ன ஆகும் என்று பயந்து நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். தமயந்தி, “ஈரத் தலையில சந்தனத்த வச்சா சளி புடிச்சுக்குமே,” என்றாள். அது நியாயமாகப் பட்டதால் சந்தனத்தை ஆளாளுக்குத் தங்கள் கையிலேயே பூசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து பழைய தண்ணீரில் பாதியை இறைத்து, கலக்கிவைத்திருந்த புது உப்புத் தண்ணீரை ஊற்றி, பாறையை உள்ளே இறக்கி, நண்டை மச்சானிடமிருந்து பக்குவமாகக் கழற்றி அதன் துளையில் விட்டார். போர்வை விலகியது. கடல் மறுபடியும் நீலமாக இருந்தது. அதில் துரை, அகலமாக, நிதானமாக, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான்.

“அய்யய்யோ,” என்றார் ரங்கநாயகி அக்கா. “எளச்சுட்டானே!”

கூட்டம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. மருதாசலம் எழுந்தார். விந்தி விந்திப் போய்ச் சமையலறையிலிருந்து ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்டா நிறையக் கரம். சட்டினி ஊற்றிக் குலுக்கி, வெங்காயம் தூவி, தயாராக இருந்தது. அவருக்குப் பின்னால், எங்கே வைத்திருந்தார்களோ, எல்லோர் கையிலும் தூக்குப்பாத்திரம் முளைத்தது. பொங்கல், வடை, கேசரி, தயிர்சாதம் என்று வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியது. விரதம் முடித்தவனுக்கு முதல் கவளம் போடாத பாவம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நாச்சிமுத்து வரிசையைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். இதை உள்ளே விட்டால் கடல் இன்று சாயங்காலமே கஞ்சியாகிவிடும், நாளைக்குப் பாசி எழும், இந்தத் தடவை துரை தாங்கமாட்டான். விரதமும் முடிந்துபோயிற்று, அதை இரண்டாந்தரம் சொல்ல முடியாது. அவர் நடந்து போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் விரித்துத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டார்.

“மச்சான்,” என்றார். “போதும்.”

பழக்கமில்லாத சொல் என்பதால் அது வேண்டியதைவிடச் சத்தமாக வந்தது. படிக்கட்டின் அடிவரைக்கும் கேட்டது. தமயந்தி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“என்ன மாப்ள சொன்னீங்க?”

“போதும்னேனுங்க.”

“இன்னும் ஒரு கை போடவே இல்லியே. அதுக்குள்ள என்ன போதும்?”

“போடாம இருக்கறீங்களே, அது போதுமுங்க.”

மருதாசலத்தின் முகம் சிவப்புச் சட்டினி நிறத்துக்குப் போனது. நண்டு கடித்தபோதுகூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. “போதும் போதாதுன்னு சொல்றதுக்கு நீங்க யாரு? பசிக்கறது அவனுக்கு. அவன் சொல்லட்டும். போதும்னு எம் மருமவன் வாயால வந்துட்டா, அண்டாவ எடுத்துட்டு நான் போயிக்கறேன்.”

கூட்டம் முழுவதும் துரையைப் பார்த்தது. துரை கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான்.

“கேக்கறான்! சோறு கேக்கறான்!” மருதாசலம் ஒரு கைப்பிடி கரத்தை அள்ளினார். நாச்சிமுத்து கையை எடுக்கவில்லை, அந்தக் கையின்மேல் சட்டினி சொட்டியது. ‘ங்ங்’ என்ற சத்தத்தில் அவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

அப்போது துரை திரும்பினான். கூட்டத்துக்கு வாலைக் காட்டிக்கொண்டு பாறையை நோக்கிப் போனான். பிரமிளாவின் பிரஷ் எட்டாத ஒரு குழிவில், நாலைந்து இழை பச்சை மிச்சம் இருந்தது. துரை அதைக் கவ்வினான், தலையை ஆட்டி இழுத்தான், அறுத்தான், மென்றான். இன்னும் ஒரு வாய் எடுத்தான்.

“சாப்பிடறான்,” என்றாள் தமயந்தி.

“சாப்பிடறான்,” என்றது படிக்கட்டு.

“அடக் கடவுளே, சாப்பிடறவன் வாயவா எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?” என்று ரங்கநாயகி அக்கா அலறினார். “கண்ணு பட்டுருமே! எளச்ச புள்ள! திரும்புங்க! அத்தன பேரும் திரும்புங்க!”

அத்தனை பேரும் திரும்பினார்கள். தூக்குப்பாத்திரங்களோடு, கேசரியோடு, பொங்கலோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் ஒரு காலண்டரும் சுவிட்ச் போர்டும் இருந்தன. தாய்மாமனின் கண்தான் எல்லாக் கண்ணையும்விடப் பொல்லாதது என்று தாமாகவே முடிவுசெய்து, மருதாசலம் கதவு மூலைக்கே போய் முகத்தை வைத்துக்கொண்டார். கையில் அள்ளிய கரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை அவரே தின்றார். நொறுக்கு நொறுக்கென்று அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. அதைக் கேட்டு மற்றவர்களுக்கும் பசியெடுத்து, சுவரைப் பார்த்தபடியே பாத்திரங்களைத் திறந்து, ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

விழுந்த சடையைப் பட்டறைக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். தேங்காய் நாரைவிட நன்றாக இருக்கிறதென்று ஒரு பஸ்ஸின் இருக்கைகளுக்குள் திணித்தார்கள். ஈரோடு போகிற அந்த வண்டியில் ஜன்னலோரம் தூங்கினவர்கள், இறங்கும்போது உதட்டை நக்கி உப்புக் கரிக்கிறது என்கிறார்கள், சிலர் வேட்டி ஓரத்தில் மணலை உதறுகிறார்கள். கண்டக்டர் அதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

ஊர் இப்போதும் கடல் பார்க்க வருகிறது, ஆனால் பார்ப்பதில்லை. தினம் ஒரு சிட்டிகைதான் போடுவதால் துரை எந்நேரமும் பாறையில் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிறான். கொளத்தூரிலிருந்து வந்த கடல் நத்தைகளும் கண்ணாடியோரம் பந்தி உட்கார்ந்துவிட்டன. சாப்பிடுகிறவர்களை எப்படிப் பார்ப்பது? ஆகவே வருகிறவர்கள் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, மோட்டார் கிளப்பும் சின்ன அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுண்டல் தின்றுவிட்டுப் போகிறார்கள். கடலின் முகத்தைப் பார்த்து உட்காருகிறவர் நாச்சிமுத்து ஒருவர்தான். அவருடைய காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருதாசலம் வருவார். வாசலிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வந்து உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்பார்.

“என்ன மாப்ள, மருமவன் சாப்ட்டு முடிச்சுட்டானா?”

போன வாரம் அவர் கேட்டபோது துரை தொட்டியின் நடுவில், ஒரு வேலையும் இல்லாமல், சும்மா மிதந்துகொண்டிருந்தான்.

“இல்லீங்க மச்சான்,” என்றார் நாச்சிமுத்து. “இப்பத்தான் எலையில உக்காந்திருக்கறான்.”